ரோசிக்குத் துணை நிற்க யார் இருந்தார்கள்?



சானமாவுப் பக்கம் வந்து போனவர்களுக்குத் தெரியும். கேழ்வரகு முற்றும் மாதங்களில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தை இருட்டுவதற்குள் முடித்துவிடுவோம். ஆனால் அண்மையில் ஒரு கூட்டம் இருட்டிய பிறகும் முடியவில்லை. அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வட்டத்துப் பிள்ளைகள் கூலி உயர்வு பற்றி ஒரு வீதி நாடகம் போட்டார்கள். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தங்கை ஒருத்தி அதில் பெரிய வீட்டம்மா வேடம் கட்டினாள். பட்டுச் சேலை, கவரிங் நகை, தலை நிறையப் பூ. பக்கத்து ஊர் ஒன்றில் நாடகம் நடந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இவளுக்கு இந்த வேஷம் ஒரு கேடா?" கொஞ்சம் சிரிப்பு. அவ்வளவுதான். கல் எதுவும் விழவில்லை. ஆனாலும் அவள் அம்மா அன்றோடு "இனிமே ஆட்டமெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வட்டத்துக்கு வந்தவள் எங்களைக் கேட்டாள்: "போன வருஷம் கூலிக்காரி வேஷம் போட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லலையே ணா. இந்தச் சேலையைக் கட்டினப்பதானே சொன்னாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதை எழுதியவை கற்கள். வாங்கியவர் பி.கே. ரோசி.

ரோசி என்பது திரைக்கு வந்தபோது நிலைத்த பெயர். இயற்பெயர் ராஜம்மா. 1903-இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புல் அறுத்துக் கூலிக்குப் போனவர். கூடவே காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பாடியவர். அந்த நாடகத்தைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சிவனும் பார்வதியும் நாடோடிக் காக்காலனும் காக்காத்தியுமாகப் பூமிக்கு வருவதாகச் சொல்லும் தென் திருவிதாங்கூர் நாட்டார் கூத்து அது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சிலேயே நடக்கும். அதில் பெண் வேடத்தை ஆண்களே கட்டி வந்த காலத்தில், பெண்ணாக மேடை ஏறியவர்களில் ஒருவர் ரோசி.

அன்றைய சினிமாவின் நிலை என்ன? 1913-இல் வெளிவந்த பால்கேவின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் அரசி தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். கேமரா முன் நிற்பது குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல என்று எல்லாச் சாதியும் சொன்ன காலம். பின்னர் அந்த இடத்தை நிரப்பியவர்களில் பலர் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும். ரூபி மையர்ஸ் 'சுலோச்சனா' ஆனார். ரெனி ஸ்மித் 'சீதா தேவி' ஆனார். ஐரிஸ் காஸ்பர் 'சபிதா தேவி' ஆனார். இந்துப் பெயர் சூட்டி, புடவை கட்டி, அவர்களை இந்துக் குலமகளாகத் திரையில் காட்டினார்கள். ரசிகர்கள் கைதட்டினார்கள். நடிப்பவர் வேறு, வேடம் வேறு என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் 1900-இல் பிறந்தவர். நாடார் கிறித்தவர். சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். எழுத்து, ஒளிப்பதிவு, இயக்கம், நாயகன் வேடம் எல்லாவற்றையும் அவரே சுமந்து எடுத்த படம் 'விகதகுமாரன்'. மலையாள சினிமாவின் முதல் கதைப்படம், ஊமைப்படம். திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பையனின் கதை. 'தொலைந்துபோன மகன்' என்பதுதான் தலைப்பின் பொருள். நாயகியாக நடிக்க பம்பாயிலிருந்து லானா என்ற நடிகையை அழைத்து வந்தார்கள். அது சரிவரவில்லை. அதன் பிறகே காக்காரிசி மேடையிலிருந்து ரோசி வந்தார். வேடம் சரோஜினி. சரோஜினி ஒரு நாயர் பெண்.

ஒரு நாளைக்கு 5 ரூபாய் கூலி என்றும் பத்து நாள் வேலை என்றும் சொல்லப்படுகிறது. பாட்டும் பேச்சுமாக மேடையில் வளர்ந்த ஒரு கலைஞருக்குக் கிடைத்தது ஊமைப்படம். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அவர் உடம்பும் உடையும் மட்டும்தான் திரையில் தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது, ஆதிக்க சாதியின் ஆத்திரத்துக்கு.

உடை ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? திருவிதாங்கூர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-இல் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. கூர்ந்து பாருங்கள். உடம்பை மூடிக்கொள்ளலாம், எங்களைப் போல மட்டும் இருக்கக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம்.

புலையர் பெண்களுக்கு இதைவிடக் கொடுமை. கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும் என்பது அவர்கள் மீது சுமத்தப்பட்ட சாதி அடையாளம். 1915-இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளம்பியபோது குடிசைகள் கொளுத்தப்பட்டன. பிறகு கொல்லத்தில் கூடிய மாநாட்டில், அய்யன்காளி அழைத்ததும் பெண்கள் தங்கள் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். கல்மாலைக் கிளர்ச்சி என்று வரலாறு அதைச் சொல்கிறது. அப்போது ரோசிக்கு வயது 12.

அந்தச் சமூகத்துப் பெண்தான் நாயர் பெண்ணின் உடையும் நகையும் பூவும் அணிந்து, திருவனந்தபுரத்தின் வெள்ளைத் திரையில், ஆளுயரத்தையும் விடப் பெரிதாக வந்து நின்றார்.

படம் வெளியானது 1928 நவம்பர் 7 என்று ஒரு கணக்கு, 1930 அக்டோபர் 23 என்று இன்னொரு கணக்கு. இடம் கேப்பிட்டல் தியேட்டர். தொடக்க விழாவுக்கு வந்தவர் அன்றைய புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி உள்ளே இருந்தால் தான் வரமுடியாது என்று அவர் சொன்னதாகவும், அதனால் தன் முதல் படத்தின் முதல் காட்சியை ரோசி பார்க்க முடியவில்லை என்றும் அந்நாளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். திரையில் நாயகன் சரோஜினியின் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சி வந்தது. கூச்சல் எழுந்தது. கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. பின்னர் அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். நாகர்கோவில் நோக்கிப் போன ஒரு லாரியில் ஏறி ரோசி உயிர் தப்பினார். அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஒரே ஒரு படம். அதுவே அவருடைய மொத்தத் திரை வாழ்க்கை.

"அந்தக் காலத்தில் பெண் நடித்தாலே எதிர்ப்புதான்" என்று சிலர் இதைச் சமாதானம் சொல்லி முடிப்பார்கள். அப்படியானால் சுலோச்சனா மீதும் சீதா தேவி மீதும் கல் விழுந்திருக்க வேண்டும். அவர்கள் நாடே கொண்டாடிய நட்சத்திரங்கள். "வேடம் மாறினாலே எதிர்ப்புதான்" என்றும் சொல்ல முடியாது. தமிழ் சினிமாவைப் பாருங்கள். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். நாடே வாய்பிளந்தது. 1942-இல் தேவாரம் பாடும் மரபில் வந்த தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார். அவரையும் போற்றினார்கள். அந்த இரு கலைஞர்களையும் நாம் குறை சொல்லவில்லை. சேரியின் வேடத்தை மேலே இருப்பவர் போட்டால் அது கலை, காசு, புகழ். ஊரின் வேடத்தைச் சேரிப் பெண் போட்டால் கல், தீ, லாரி. எங்கள் தங்கை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கூலிக்காரி வேடத்தில் அவள் அவர்கள் வரைந்த கோட்டுக்குள் நின்றாள். பட்டுச் சேலையில் கோட்டைத் தாண்டினாள்.

அடுத்து ஒரு திருத்தம். "கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தப்பி ஓடினார் ரோசி" என்று பலரும் எழுதுகிறார்கள். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ரோசி மாநில எல்லையைத் தாண்டவில்லை. எல்லைதான் பிற்பாடு வந்து அவருக்கும் அவர் நடித்த படத்துக்கும் நடுவே விழுந்தது. மலையாள சினிமா வரலாற்றுக்கு அவர் எங்கோ தமிழ்நாட்டில் மறைந்துபோனவர். தமிழ் சினிமா வரலாற்றுக்கு அவர் மலையாள நடிகை. இரண்டு பக்கமும் கணக்கில் வராத ஆள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நம் எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அரசுக்கு மாநில எல்லை உண்டு, சாதிக்கு இல்லை. 2018-இல் நம் வட்டாரத்துச் சூடுகொண்டப்பள்ளியின் இளம் தம்பதி, சாதி கடந்து மணந்ததற்காகக் கொல்லப்பட்டபோது, அவர்கள் உடல்கள் கிடைத்தது கர்நாடகத்துக் காவிரியில். கடத்தப்பட்டது ஓசூரிலிருந்து.

நாகர்கோவிலில் ரோசி 'ராஜம்மாள்' ஆனார். தப்பிக்க உதவிய லாரி ஓட்டுநரையே மணந்தார். கணவர் குடும்பம் நாயர் குடும்பம் என்பதே கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் சொல்வது. பழைய பெயர், பழைய சாதி, சினிமா எதையும் வெளியே பேசாமல் வாழ்ந்து முடித்தார். அம்மா ஒரு நடிகை என்பதே பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது.

இந்த இடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். பத்து நாள் நாயர் பெண்ணாக நடித்ததற்குக் குடிசையைக் கொளுத்தினார்கள். அதன்பின் வாழ்நாள் முழுவதும் நாயர் வீட்டு மருமகளாக வாழ்ந்தார். யாரும் கல் எறியவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. பிறப்பிலேயே பேதம் இருக்கிறது என்பவர்களின் வாதம் அந்த வீட்டின் அடுப்படியில் ஒவ்வொரு நாளும் பொய்த்துப் போனது. ஆனால் அதை நிரூபிக்க அவர் கொடுத்த விலை தன் பெயர், தன் கலை, தன் சொந்தபந்தம். இதை வெற்றி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

டேனியலும் அந்தப் படத்தோடு ஓய்ந்தார். ஸ்டூடியோவை மூடி, பல் மருத்துவராகப் பிழைத்து, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. சிறு வயதில் விளையாட்டாகத் தானே அதை எரித்துவிட்டதாக அவர் மகன் ஒருவர் பின்னாளில் சொன்னார். மலையாளத்தின் இரண்டாவது ஊமைப்படமான 'மார்த்தாண்ட வர்மா' இன்றும் இருக்கிறது. அரச கதை. பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பதிப்பாளரிடம் கிடந்ததால் பிழைத்து, 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரோசியின் ஒரு அசைவைக்கூட இன்று நாம் பார்க்க முடியாது. கைபேசியில் அவர் பெயரைத் தேடினால் ஒரு முகம் வருகிறதே, அது அவர்தான் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெண் இருந்தார். எவலின் பிரீர். 1896-இல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்த கறுப்பினப் பெண். 1915-இல் ஹாலிவுட் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படத்தை எடுத்திருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் காமுகர்களாகக் காட்டிய, கு க்ளக்ஸ் கிளான் கொலைகாரர்களை வீரர்களாக்கிய படம். கறுப்பரைக் கட்டிவைத்துக் கொல்வது வாடிக்கையாக இருந்த நாடு அது. ஆபத்தில் அது திருவிதாங்கூரைவிடக் குறைந்ததல்ல. ஆனாலும் எவலின் பிரீர் 1919-இல் 'தி ஹோம்ஸ்டெடர்' படத்தில் நாயகியானார். 1920-இல் 'வித்தின் அவர் கேட்ஸ்' படத்தில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்காகப் பணம் திரட்டப் போகும் ஆசிரியை சில்வியாவாக நடித்தார். அதில் கும்பல் கொலையைத் துணிந்து காட்டினார்கள். சிகாகோ தணிக்கையாளர்கள் கலவரம் வரும் என்று முதலில் தடுத்தார்கள். படம் வந்தது. பிரீர் அடுத்தடுத்து நடித்தார், லஃபாயெட் நாடகக் குழுவோடு மேடைகளில் தோன்றினார், பேசும்படத்திலும் நடித்தார். 1932-இல் நிமோனியாவில் 36 வயதில் இறந்தபோது, தன் மக்களிடையே பெயர் பெற்ற நட்சத்திரமாகவே இறந்தார்.

இவர்கள் இருவருக்கும் என்ன வேறுபாடு? திறமையா? துணிச்சலா? இரண்டும் இருவருக்கும் இருந்தன. பிரீருக்குப் பின்னால் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் இருந்தார். தன் நாவல்களை வீடு வீடாக விற்றவர், பங்கு விற்றுப் பணம் திரட்டிப் படக்கம்பெனி தொடங்கியவர். அந்தப் படங்களைத் திரையிடக் கறுப்பின மக்கள் கூடும் அரங்குகள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பின மக்களின் சொந்தப் பத்திரிகைகள் இருந்தன. அவரை நடிகையாகவே பார்த்துக் கைதட்ட ஒரு கூட்டம் இருந்தது. அந்த ஊமைப்படம்கூடத் தொலைந்துதான் போனது. 1970-களில் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டு, 1993-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் மீட்டமைக்கப்பட்டது. தேட ஆள் இருந்ததால் கிடைத்தது.

ரோசிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஓட்டிப் பொதுவழி உரிமையைப் பிடித்தார். பள்ளிக்காகவும் நிலத்துக்காகவும் இயக்கம் போராடியது. சினிமாக் கொட்டகை அன்று எந்த இயக்கத்தின் கண்ணிலும் படவில்லை. கல் விழுந்த இரவில் அவரோடு வாசலில் நிற்க ஐம்பது பேர் இல்லை. மறுநாள் எழுத ஒரு பத்திரிகை இல்லை. அடுத்த படம் எடுக்க ஒரு கம்பெனி இல்லை. அவரைத் திரைக்குக் கொண்டுவந்த டேனியலுக்கே நிற்க இடமில்லை.

இன்று ரோசி திரும்பி வந்திருக்கிறார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் 1960-களில் டேனியலின் கதையைத் தோண்டி எடுத்தார். ரோசியின் வாழ்க்கையைத் தேடி எழுதியவர் குன்னுக்குழி எஸ். மணி. வினு ஆபிரகாமின் நாவல் 'நஷ்டநாயிகா' வந்தது. 2013-இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' வந்தது. மலையாளத் திரைப்பெண்கள் கூட்டமைப்பு தன் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10-இல் கூகுள் முகப்பில் அவர் படம் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். கேரள அரசு 1992-இலேயே ஜே.சி. டேனியல் பெயரில் விருதை ஏற்படுத்திவிட்டது. நாயகியின் பெயர் பரவலாக ஒலிக்க அதன்பிறகும் எத்தனை ஆண்டுகள் ஆயின!

மாணவத் தோழர்களிடம் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். ரோசியின் துணிச்சலைப் போற்றிச் சுவரொட்டி ஒட்டுவது எளிது. தனி ஆளின் துணிச்சலை மட்டும் போற்றிக்கொண்டே இருந்தால், அடுத்த ரோசியையும் தனியாகத்தான் அனுப்புவோம். துணை நிற்கும் அமைப்பைக் கட்டுவதுதான் வேலை. அதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா போகவும் வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', அவர் மறைந்தபின் உயிர்பெற்றது எங்கே? நமக்குப் பக்கத்துக் கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் இறங்கிய நம் மக்கள் கூலிக்காசில் பத்திரிகையைத் தாங்கினார்கள், சித்தார்த்தா புத்தகசாலை நடத்தி நூல்களை அச்சிட்டார்கள். பண்டிதரின் எழுத்து இன்று நம் கைக்குக் கிடைப்பதில் அந்தத் தொழிலாளர்களின் பங்கு பெரிது.

எனவே உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். கூத்தாடியவர் யார், பறையடித்தவர் யார், பாட்டுக் கட்டியவர் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் குறியுங்கள். உங்கள் குழுவில் ஒரு பெண் மேடை ஏறினால், கூட்டத்தின் முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். பின்வரிசையிலும் நில்லுங்கள். கேலி அங்கிருந்துதான் வருகிறது.

அன்று கூட்டம் முடிந்ததும் நாங்கள் எல்லோருமாக அந்தத் தங்கையை வீடு வரை கொண்டுபோய் விட்டோம். அவள் அம்மாவிடமும் ரோசியின் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஆனாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த நாடகத்துக்குத் தானும் கூட வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். பட்டுச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறோம். நீங்களும் வாருங்கள். பின்வரிசையில் இடம் இருக்கிறது.

ஜெய் பீம்.